சிவப்பு விளக்கு எரிகிறது, படம் வரவில்லை: டிவி பற்றி வாசகர் கேள்விகள்

இந்த மாதம் வந்த கடிதங்களில் டிவி பற்றியவைதான் அதிகம். அதிலும் பலர் ஒரே குறையைத்தான் ஆளுக்கொரு விதமாக எழுதியிருக்கிறார்கள்: ஆன் செய்தால் டிக் டிக் என்கிறது, படம் மட்டும் வருவதில்லை. அதனால் இந்த முறை முழுப் பகுதியையும் பிளாட் டிவியின் பவர் போர்டுக்கும் அதில் இருக்கும் கெப்பாசிட்டர்களுக்குமே கொடுத்துவிட்டேன்.

கேள்வி (திண்டுக்கல் வாசகர்): எங்கள் வீட்டு 32 இன்ச் எல்சிடி டிவி 2010-ல் வாங்கியது. கொஞ்ச நாளாகவே காலையில் ஆன் செய்தால் சிவப்பு விளக்கு கண் சிமிட்டுகிறது, உள்ளே டிக் டிக் என்று சத்தம், பத்து நிமிடம் கழித்துத்தான் படம் வருகிறது. வந்துவிட்டால் இரவு வரை ஒரு குறையும் இல்லை. இப்போது அந்தப் பத்து நிமிடம் அரை மணி நேரமாகிவிட்டது. கடையில் கேட்டால் "போர்டு போச்சு சார், இந்த மாடலுக்கு போர்டு கிடைக்காது, புதுசா வாங்கிடுங்க" என்கிறார்கள். வாங்கித்தான் ஆக வேண்டுமா?

பதில்: அவசரப்படாதீர்கள். நீங்கள் எழுதியிருப்பதில் எனக்கு முக்கியமாகப் படுவது, "வந்துவிட்டால் இரவு வரை ஒரு குறையும் இல்லை" என்ற வரி. போர்டு நிஜமாகவே போயிருந்தால் அரை மணி நேரம் காத்திருந்தாலும் வராது. சூடானதும் சரியாகிவிடும் கோளாறு என்றால் முதல் சந்தேகம் பவர் போர்டில் இருக்கும் எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டர்கள் மேல்தான் போக வேண்டும், நம் மெக்கானிக்குகள் கண்டன்சர் என்று சொல்கிறார்களே, அதேதான்.

உள்ளே நடப்பது இது. சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் ஏசியை பவர் போர்டு முதலில் டிசியாக்கி ஒரு பெரிய கெப்பாசிட்டரில் சேர்த்துவைக்கிறது. அங்கே சுமார் 325 வோல்ட் இருக்கும். அதை நொடிக்குப் பல்லாயிரம் தடவை வெட்டி வெட்டி ஒரு சிறு டிரான்ஸ்ஃபார்மர் வழியாக அனுப்பினால் மறுபக்கம் 5, 12, 24 வோல்ட் என்று தேவையான அளவுகள் கிடைக்கும். ஆனால் அப்படி வெட்டுப்பட்டு வரும் மின்சாரம் மேடும் பள்ளமுமாகத்தான் வரும். அந்தப் பள்ளங்களை நிரப்பி ஒரே சீராக்குவது மறுபக்கத்தில் வரிசையாக நிற்கும் சின்ன கெப்பாசிட்டர்களின் வேலை, பெரும்பாலும் 470 அல்லது 1000 மைக்ரோஃபாரட் (கெப்பாசிட்டரின் கொள்ளளவைச் சொல்லும் அலகு), 10 முதல் 35 வோல்ட் வரை. அவற்றின் உள்ளே இருக்கும் ஈரம் காய்ந்துபோனால் பள்ளம் நிரம்பாது. டிவி எழுந்து சுமை ஏறும் கணத்தில் 5 வோல்ட் சட்டென்று இறங்கும், டிவியின் மூளையாக இருக்கும் சிப் தடுமாறி மீண்டும் முதலிலிருந்து தொடங்கும், சுமை இறங்கும், வோல்ட் ஏறும், மறுபடி முயற்சி, மறுபடி விழுதல். நீங்கள் கேட்கும் டிக் டிக், அந்த முயற்சி ஒவ்வொன்றிலும் ரிலே என்னும் தானியங்கி சுவிட்ச் விழுந்து எழும் சத்தம். அப்படியே விட்டுவைத்தால் கெப்பாசிட்டர் மெல்லச் சூடாகிறது; சூட்டில் உள்ளே இருக்கும் திரவத்தின் மின் தடை குறைந்து, ஒரு கட்டத்தில் போதுமான அளவுக்கு வேலை செய்யத் தொடங்குகிறது, படம் வந்துவிடுகிறது. பத்து நிமிடம் அரை மணி நேரமானது, மீதமிருந்த ஈரமும் குறைந்துகொண்டே வருவதால்தான். இன்னும் சில வாரம் போனால் எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் வராது.

இதை உறுதிசெய்ய ஒரு சோதனை உண்டு. டிவி இரவு முழுக்க ஆறியிருக்கும் நேரத்தில், பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டு, பின் மூடியைக் கழற்றி, தலைமுடி உலர்த்தும் டிரையரால் அந்தச் சின்ன கெப்பாசிட்டர் வரிசைமேல் இரண்டு மூன்று நிமிடம் சூடான காற்றைக் காட்டுங்கள். கையால் எதையும் தொட வேண்டாம், ஏன் என்று அடுத்த கேள்வியில் சொல்கிறேன். அப்புறம் பிளக்கைச் செருகி ஆன் செய்யுங்கள். அரை மணி நேரம் எடுக்கிற டிவி உடனே வந்துவிட்டால் பெரும்பாலும் விடை கிடைத்துவிட்டது. பெரும்பாலும் என்று சொல்லக் காரணம், எங்காவது ஈயம் பற்றவைத்த இடம் விட்டுப்போயிருந்தாலும் சூட்டில் விரிந்து ஒட்டிக்கொண்டு இதேபோல நடிக்கும். அதனால் போர்டைக் கழற்றியதும் பின்பக்கத்தில், முக்கியமாக டிரான்ஸ்ஃபார்மர் கால்களையும் கனெக்டர் கால்களையும் சுற்றி மெல்லிய வளைய விரிசல் இருக்கிறதா என்று பூதக்கண்ணாடியில் ஒரு தடவை பாருங்கள்.

கண்ணுக்குத் தெரியும் அடையாளமும் உண்டு. நல்ல கெப்பாசிட்டரின் தலை தட்டையாக இருக்கும், அதில் பெருக்கல் குறி போலவோ கே எழுத்து போலவோ கோடு கீறியிருப்பார்கள். உள்ளே வாயு சேர்ந்தால் வெடிக்காமல் அந்தக் கோட்டில் பிளந்துகொள்ளட்டும் என்பதற்காக. அந்தத் தலை லேசாக மேடு தட்டியிருந்தாலே, பக்கவாட்டில் பார்த்தால் வட்டமாகத் தெரிந்தாலே, அது முடிந்துவிட்டது. சிலது தலையில் உப்பாமல் அடியில் இருக்கும் ரப்பரைத் தள்ளிக்கொண்டு கொஞ்சம் சாய்ந்து நிற்கும். அடியில் பிசின் போல வெளிர் மஞ்சளாக ஏதோ இருந்தால் கசிவு என்று முடிவுகட்டிவிடாதீர்கள், அது அதிர்வில் ஆடாமல் இருக்க கம்பெனியே வைத்த பசை. ஆனால் வருடக்கணக்கான சூட்டில் அந்தப் பசை கரும்பழுப்பாகியிருந்தால் அதைச் சுரண்டி எடுத்துவிடுவது நல்லது. அந்த நிலையில் சில வகைப் பசை மின்சாரத்தைக் கடத்தும், பக்கத்துக் கம்பிகளையும் அரித்துவிடும்.

இப்படி உப்பிய கெப்பாசிட்டர் ஒன்றின் விலை பத்து, இருபது ரூபாய்க்குள்தான் இருக்கும். ஒரு டீ, ஒரு வடையின் காசில் வரும் பாகத்துக்காக நல்ல பேனல் உள்ள டிவியைக் குப்பைக்கு அனுப்புவது எனக்கு மனசு ஒப்பாத காரியம். வேறு கடையைப் பாருங்கள். "போர்டு மாற்ற வேண்டாம், பவர் போர்டில் கண்டன்சர் மட்டும் பார்த்து மாற்றிக் கொடுங்கள்" என்று நீங்களே கேளுங்கள்.

கேள்வி (திருநெல்வேலி வாசகர்): ஐடிஐ படித்தவன், ஈயம் பற்றவைக்கத் தெரியும். டிவியைத் திறந்து நானே மாற்றலாமா? ஷாக் அடிக்கும் என்று வீட்டில் விட மாட்டேன் என்கிறார்கள்.

பதில்: வீட்டில் சொல்வதில் நியாயம் இருக்கிறது, அதைத் தள்ளிவிடாதீர்கள். பயப்பட வேண்டியது அந்தச் சின்னவற்றுக்கு அல்ல, 400 அல்லது 450 வோல்ட் என்று எழுதிய அந்தப் பெரிய கெப்பாசிட்டருக்குத்தான். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதில் 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கலாம். இதில் பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு: நன்றாக ஓடுகிற டிவியைவிடச் செத்துப்போன டிவிதான் ஆபத்து. ஓடுகிற டிவியில் பிளக்கைப் பிடுங்கியதும் சேமிப்பில் இருப்பதை போர்டே குடித்துத் தீர்த்துவிடும். தொடங்கவே தொடங்காத போர்டில் அதைக் குடிக்க ஆள் இல்லை, அப்படியே வெகுநேரம் நிற்கும்.

ஆகவே வரிசை இதுதான். பிளக்கைப் பிடுங்குங்கள், சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது. ஆன்டெனா, டிஷ் கேபிள், எச்டிஎம்ஐ எல்லாவற்றையும் கழற்றுங்கள். மோதிரம், வாட்ச், கையில் கயிறு இருந்தால் கழற்றிவிடுங்கள். மல்டிமீட்டரை 1000 வோல்ட் டிசியில் வைத்து அந்தப் பெரிய கெப்பாசிட்டரின் இரண்டு காலிலும் அளந்து பாருங்கள். வோல்ட் இருந்தால் 10 கிலோ ஓம், 10 வாட் ரெசிஸ்டர் ஒன்றின் இரண்டு காலிலும் நன்றாக உறையிட்ட ஒயர் பற்றவைத்து, நுனிகளை அந்த இரண்டு காலிலும் பதினைந்து நொடி வைத்துப் பிடியுங்கள். 220 மைக்ரோஃபாரடுக்கு அது போதும். பிறகு மறுபடி அளந்து பாருங்கள். ஓரிரு நிமிடம் கழித்து இன்னொரு முறையும் அளந்து பாருங்கள், ஏனென்றால் காலியான கெப்பாசிட்டர் தானாகவே கொஞ்சம் வோல்ட்டை மீட்டுக்கொள்ளும் குணம் உடையது. ஸ்குரூ டிரைவரை வைத்து ஷார்ட் பண்ணுவதைக் கடைகளில் பார்த்திருப்பீர்கள். பட்டென்று ஒரு பொறி, ஸ்குரூ டிரைவர் நுனியில் குழி, சில சமயம் போர்டில் செம்புத் தடமே பிய்ந்துபோகும். வேண்டாம்.

அளக்கும்போது இன்னொரு கையைச் சட்டைப் பையிலோ முதுகுக்குப் பின்னாலோ வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் இன்னொருவர் இருக்கும் நேரத்தில் மட்டும் செய்யுங்கள். பிளாஸ்மா டிவி என்றால் திறக்கவே வேண்டாம், அதில் பேனலுக்கே 200 வோல்ட் அளவில் போகும் போர்டுகள் இருக்கின்றன, அனுபவமுள்ளவரிடம் விட்டுவிடுங்கள்.

கேள்வி (கோவை வாசகி): எங்கள் டிவியில் ஒரு கெப்பாசிட்டர்கூட உப்பவில்லை. மல்டிமீட்டரில் கெப்பாசிட்டர் அளக்கும் வசதி இருக்கிறது, கழற்றி அளந்ததில் 1000-க்கு 870 காட்டுகிறது. அப்படியானால் அது நல்லதுதானே? ஆனால் டிவி ஆன் ஆவதில்லை.

பதில்: அளவு சரியாக இருந்தால் கெப்பாசிட்டர் நல்லது என்று சொல்லிவிட முடியாது. இந்த வகைக்கு எழுதியிருக்கும் அளவிலிருந்து 20 சதவீதம் முன்னே பின்னே இருக்கலாம், ஆகவே 870 என்பது கணக்குப்படி சரி. ஆனால் நீங்கள் அளந்தது அது எவ்வளவு கொள்ளும் என்பதை. எவ்வளவு வேகமாக வாங்கிக் கொடுக்கிறது என்பதை அல்ல. கெப்பாசிட்டருக்குள் கண்ணுக்குத் தெரியாத ஒரு ரெசிஸ்டர் தொடராக இருப்பது போன்ற ஒரு குணம் உண்டு, அதை ஈஎஸ்ஆர் என்பார்கள். நல்ல 1000 மைக்ரோஃபாரட் லோ ஈஎஸ்ஆர் கெப்பாசிட்டரில் அது ஒரு ஓமில் நூறில் சில பங்குதான் இருக்கும். அதுவே அரை ஓம், ஒரு ஓம் என்று ஏறிவிட்டால் பவர் போர்டின் வேகத்துக்கு அது இருந்தும் இல்லாததுபோல்தான். மல்டிமீட்டர் நிதானமாக நிரப்பிப் பார்த்து 870 என்று சொல்லிவிடும். அதில் தப்பில்லை, கேள்விதான் வேறு.

ஈஎஸ்ஆர் மீட்டர் என்று தனியாக வருகிறது. சிறிய திரையோடு டிரான்சிஸ்டர், கெப்பாசிட்டர் எல்லாம் சோதிக்கும் மலிவான டெஸ்டர்களும் இந்த வேலைக்குப் போதும். டெஸ்டரில் வைக்கும் முன் கெப்பாசிட்டர் முழுக்கக் காலியாக இருக்க வேண்டும், இல்லையென்றால் டெஸ்டர் போய்விடும். போர்டில் இருக்கும்போதே அளந்தால் பக்கத்தில் இணையாக இருக்கும் நல்ல கெப்பாசிட்டர் கெட்டதை மறைத்துவிடும், அதையும் மனதில் வையுங்கள்.

டெஸ்டர் இல்லையா? பழைய மெக்கானிக்குகளின் வழி ஒன்று உண்டு. டிவியை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, பெரிய கெப்பாசிட்டரைக் காலி செய்துவிட்டு, சந்தேகப்படும் சின்ன கெப்பாசிட்டருக்கு இணையாக அதே அளவுள்ள புதியது ஒன்றை, கூட்டல் கழித்தல் சரிபார்த்து, போர்டின் பின்பக்கம் தற்காலிகமாகப் பற்றவையுங்கள். டிவி உடனே எழுந்துவிட்டால் குற்றவாளி அதுதான். இது 5, 12, 24 வோல்ட் பக்கத்துக்கு மட்டும். பெரிய கெப்பாசிட்டர் இருக்கும் பக்கத்தில் இந்த விளையாட்டு கூடாது.

இன்னொன்று. சிலர் மல்டிமீட்டரை ஏசியில் வைத்து 5 வோல்ட் லைனில் எவ்வளவு ஏசி கலந்திருக்கிறது என்று பார்க்கிறார்கள். விலை குறைந்த மீட்டர்கள் டிசியையே ஏசியாகக் காட்டிக் குழப்பும், அவ்வளவு வேகமான அலைகளை அளக்கவும் அவற்றால் முடியாது. அந்த எண்ணை நம்பி எதையும் முடிவு செய்யாதீர்கள்.

கேள்வி (செங்கல்பட்டு வாசகர்): 1000 மைக்ரோஃபாரட் 16 வோல்ட் கேட்டால் கடையில் 25 வோல்ட்தான் இருக்கிறது என்கிறார்கள். 2200 போட்டால் இன்னும் பலமாக இருக்குமா? 85 டிகிரி, 105 டிகிரி என்று எழுதியிருக்கிறதே, அது என்ன?

பதில்: 25 வோல்ட் தாராளமாகப் போடலாம். கெப்பாசிட்டர் மேல் எழுதியிருப்பது அது தாங்கும் உச்ச வோல்ட், அது கொடுக்கும் வோல்ட் அல்ல. கூடினால் நல்லது, குறையவே கூடாது. உருவம் மட்டும் கொஞ்சம் பெரிதாக இருக்கும், ஆகவே பழையதைக் கையோடு எடுத்துப்போய்க் குறுக்களவு, உயரம், கால் இடைவெளி மூன்றையும் ஒப்பிட்டு வாங்குங்கள். 8 மில்லிமீட்டர் குறுக்களவுக்குக் கால் இடைவெளி 3.5, 10 மில்லிமீட்டருக்கு 5. உயரம் கூடினால் பின் மூடி இடிக்கும், சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடான ஹீட்சிங்க் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு நின்றால் அந்தச் சூட்டிலேயே சீக்கிரம் காயும்.

2200 வேண்டாம். 1000-க்கு 1200 போடலாம், ஆனால் இரட்டிப்பாக்கினால் ஆன் செய்யும் கணத்தில் அதை நிரப்பவே போர்டு திணறும், சில போர்டுகள் ஷார்ட் என்று நினைத்து அணைந்துவிடும். பெரிய கெப்பாசிட்டரை மாற்ற நேர்ந்தால் மைக்ரோஃபாரட் அதே அளவு இருக்கட்டும், 400 வோல்ட்டுக்குப் பதில் 450 கிடைத்தால் அதை வாங்குங்கள்.

டிகிரி விஷயத்தில்தான் கறாராக இருக்க வேண்டும். 105 டிகிரியில் 2000 மணி நேரம் என்று தயாரிப்பாளர் சொன்னால், சூடு ஒவ்வொரு 10 டிகிரி குறையும்போதும் ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பாகும். உங்கள் டிவிக்குள் அந்த இடத்தில் 75 டிகிரி என்று வைத்துக்கொண்டால் 16,000 மணி நேரம், தினம் ஐந்து மணி நேரம் பார்த்தால் எட்டு வருடத்துக்கு மேல். அதே இடத்தில் 85 டிகிரி, 1000 மணி நேரம் என்ற மலிவுச் சரக்கைப் போட்டால் 2000 மணி நேரம்தான், அதாவது 400 நாள். மிச்சம் பிடிப்பது நாலைந்து ரூபாய், அடுத்த வருடமே திரும்பவும் கழற்ற வேண்டும். ஆகவே "105 டிகிரி, லோ ஈஎஸ்ஆர்" என்று இரண்டையும் சேர்த்துக் கேட்டு வாங்குங்கள்.

சென்னை பக்கம் என்றால் ரிச்சி தெருவில் கிடைக்கும். நிச்சிகான், ரூபிகான், பானசோனிக் போன்ற ஜப்பான் பெயர்களுக்குப் போலியும் நிறைய வருகிறது. பெரிய கூட்டுக்குள் சின்ன கெப்பாசிட்டரை வைத்து மூடி விற்பவர்கள் இருக்கிறார்கள், கையில் எடுத்தாலே உருவத்துக்கு ஏற்ற கனம் இருக்காது. டெஸ்டர் இருந்தால் கையோடு கொண்டுபோய்க் கடையிலேயே ஒன்றை அளந்து பாருங்கள், ஒழுங்கான கடைக்காரர் தப்பாக நினைக்க மாட்டார். பழைய போர்டுகளிலிருந்து கழற்றியதை வாங்கவே வேண்டாம். காய்ந்துகொண்டிருப்பதை எடுத்துவிட்டுப் பாதி காய்ந்ததைப் போட்டால் என்ன பலன்?

கேள்வி (தஞ்சாவூர் வாசகர்): நாலு கெப்பாசிட்டரையும் நானே மாற்றினேன். ஆன் செய்ததும் ஒன்று பட்டென்று வெடித்துப் புகை வந்துவிட்டது. டிவி இனி தேறுமா?

பதில்: கால் மாறியிருக்கிறது. கெப்பாசிட்டர் உடலில் பட்டையாகக் கோடு இருக்கும் பக்கம் கழித்தல், புதியதில் நீளமான கால் கூட்டல், அதெல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். தடுமாற்றம் போர்டின் பக்கம்தான் வரும். போர்டில் வட்டம் போட்டு ஒரு பாதியை வெள்ளையாக நிரப்பியிருப்பார்கள். பெரும்பாலான போர்டுகளில் அந்தப் பாதி கழித்தல், ஆனால் எல்லா போர்டுகளிலும் அப்படி இல்லை, தலைகீழாகக் குறித்தவையும் இருக்கின்றன. அதனால் கழற்றும் முன்பே கைபேசியில் நாலு பக்கமிருந்தும் படம் எடுத்துவிட வேண்டும், எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கழற்றாமல் ஒன்றைக் கழற்றி ஒன்றைப் போட்டு என்று போக வேண்டும்.

டிவி தேற வாய்ப்பு உண்டு. ஒரு கெப்பாசிட்டர் தலைகீழாக நின்றால் அந்த லைன் ஷார்ட் போல ஆகி போர்டு தன்னைத்தானே காத்துக்கொண்டு நின்றுவிடும், அதிர்ஷ்டம் இருந்தால் சேதம் அதோடு முடிந்திருக்கும். வெடித்ததை எடுத்துவிட்டு, சிதறிய திரவத்தை ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் நனைத்த பிரஷ்ஷால் சுத்தமாகத் துடையுங்கள், அது செம்பை அரிக்கும். அந்த லைனில் ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபையர் டயோடு ஷார்ட் ஆகியிருக்கிறதா என்று மீட்டரில் பாருங்கள். பிறகு புதியதைச் சரியாகப் போடுங்கள். கண்ணாடி போடாமல் முகத்தைக் கிட்டே வைத்துக்கொண்டு ஆன் செய்யும் பழக்கம் மட்டும் யாருக்கும் வேண்டாம்.

பற்றவைப்பது பற்றியும் ஒரு வார்த்தை. தொழிற்சாலையில் போட்ட ஈயமில்லாத சால்டர் லேசில் உருகாது. 25 வாட் அயர்னை வைத்து வெகுநேரம் அழுத்திக்கொண்டிருந்தால் செம்பு வளையம் கையோடு வந்துவிடும். அந்த இடத்தில் முதலில் கொஞ்சம் 60/40 ஈயத்தைப் புதிதாகச் சேர்த்து உருக்குங்கள், பழையதோடு கலந்து சீக்கிரம் இளகும். அப்புறம் டீசால்டர் பம்பிலோ விக் என்னும் செம்புப் பின்னல் நாடாவிலோ உறிஞ்சுங்கள். பெரிய கிரவுண்ட் தடத்தோடு சேர்ந்த காலுக்கு 50, 60 வாட் வேண்டும். சூடு காட்டும்போது மீன் கவிச்சி போல ஒரு வாடை வந்தால் அந்தக் கெப்பாசிட்டர் ஏற்கெனவே கசிந்திருக்கிறது என்று அர்த்தம், ஜன்னலைத் திறந்துவிட்டு, அடியில் இருக்கும் தடத்தையும் சுத்தம் செய்துவிட்டு மேலே போங்கள்.

கேள்வி (நாகர்கோவில் வாசகர்): எல்இடி டிவியில் சத்தம் வருகிறது, ரிமோட் வேலை செய்கிறது, படம்தான் இல்லை. இதுவும் கெப்பாசிட்டர்தானா?

பதில்: பெரும்பாலும் இல்லை. அறையை இருட்டாக்கி, டார்ச்சைத் திரைக்கு மிக அருகில் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். மங்கலாக உருவம் அசைவது தெரிந்தால் படம் வருகிறது, பின்னால் இருக்கும் விளக்குதான் எரியவில்லை. பேனலுக்குப் பின்னால் இருக்கும் எல்இடி பட்டையில் ஏதோ ஒரு விளக்கு போயிருக்கும். அதை மாற்றக் கண்ணாடிப் பேனலைத் தனியாகத் தூக்க வேண்டும், ஒரு மூலை வளைந்தாலும் விரிசல் விடும், வீட்டில் முயல வேண்டாம். திரையில் நெடுக்குக் கோடுகள் என்று எழுதிய மற்ற வாசகர்களுக்கும் இதே பதில்தான்: அது பேனல் சம்பந்தப்பட்டது, பவர் போர்டில் எதை மாற்றினாலும் போகாது.

கேள்வி (சேலம் வாசகர்): எங்கள் தாத்தா காலத்து ரேடியோ முப்பது வருடம் ஓடியது. டிவி மட்டும் ஏன் நாலைந்து வருடத்தில் கெப்பாசிட்டரால் படுக்கிறது? வேண்டுமென்றே செய்கிறார்களா?

பதில்: வேண்டுமென்று செய்கிறார்கள் என்று நான் சொல்ல மாட்டேன், காரணங்கள் தெளிவாகவே இருக்கின்றன. முதலில் சூடு. மெல்லிய பெட்டி, காற்று போக வழியில்லை, பக்கத்திலேயே ஹீட்சிங்க். இரண்டாவது வேலையின் கடுமை: ரேடியோவில் இருந்த கெப்பாசிட்டர் நொடிக்கு 100 தடவை நிரம்பி வடிந்தது, இங்கே பல்லாயிரம் தடவை, அந்த மின்னோட்டமே உள்ளே சூட்டைக் கிளப்புகிறது. மூன்றாவது, 1999-லிருந்து 2007 வாக்கில் வரை தரமில்லாத எலக்ட்ரோலைட் திரவம் நிரப்பிய கெப்பாசிட்டர்கள் உலகம் முழுக்கப் பரவியது. அந்தத் திரவத்தில் தண்ணீரின் பங்கு அதிகம், அலுமினியத்தை அது தாக்காமல் தடுக்கும் சேர்க்கைகள் போதவில்லை. தண்ணீரும் அலுமினியமும் வினைபுரிந்து ஹைட்ரஜன் வாயு உண்டாகி உப்பவைத்தது. கம்ப்யூட்டர் மதர்போர்டு, மானிட்டர், டிவி என்று எதுவும் தப்பவில்லை.

அமெரிக்காவில் சாம்சங் டிவிகள் சிலவற்றில் இதே டிக் டிக் கோளாறு வழக்காகி, 2008 முடிவதற்குள் வாங்கப்பட்ட குறிப்பிட்ட மாடல்களை இலவசமாகப் பழுது பார்த்துத் தரவும், ஏற்கெனவே செலவு செய்தவர்களுக்குப் பணம் கொடுக்கவும் அந்த நிறுவனம் 2012-ல் சமரசத்துக்கு ஒப்புக்கொண்டது. நம் ஊரில் அதே காலத்தில் அதே குறைக்கு "போர்டு போச்சு" என்று கேட்டுத் தலையாட்டிவிட்டு வந்தவர்கள் எத்தனை பேரோ, எனக்கு அந்த வருத்தம் உண்டு. உங்களால் செய்ய முடிந்தது, டிவிக்குப் பின்னால் நாலு விரல் இடமாவது விடுங்கள், மர அலமாரிக்குள் அடைக்காதீர்கள், பின் மூடியின் துளைகளில் தூசி அடையவிடாதீர்கள்.

கேள்வி (தூத்துக்குடி வாசகி): டிஷ் கேபிளை டிவியில் செருகும்போது சுர்ரென்று லேசாக ஷாக் அடிக்கிறது. டிவி நன்றாகத்தான் ஓடுகிறது. கெப்பாசிட்டர் லீக் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர்.

பதில்: இரண்டு பின் பிளக் உள்ள டிவி என்றால் அது குறை அல்ல, அமைப்பே அப்படித்தான். பவர் போர்டின் 230 வோல்ட் பக்கத்துக்கும் மறுபக்கத்துக்கும் நடுவே நீல நிறத்தில் வட்டச் சில்லாக ஒரு சின்ன கெப்பாசிட்டர் பாலம் போல நிற்கும், ஒய் கெப்பாசிட்டர் என்று பெயர். இரைச்சலைக் குறைக்க அது தேவை. 2200 பிக்கோஃபாரட் என்றால் அதன் வழியாக அதிகபட்சம் 0.16 மில்லியாம்பியர்தான் வர முடியும், சுர்ரென்று உணரலாம், உயிருக்கு ஆபத்தில்லை. மூன்று பின் பிளக் இருந்தும் அடிக்கிறதென்றால் உங்கள் வீட்டு சாக்கெட்டில் எர்த் இல்லை, எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு முதலில் அதைச் சரிசெய்யுங்கள், டிவிக்காக மட்டுமல்ல, கிரைண்டருக்கும் ஹீட்டருக்கும் அதுதான் காவல். கேபிளைச் செருகும்போது டிவி பிளக்கையும் செட் டாப் பாக்ஸ் பிளக்கையும் பிடுங்கிவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை. ஆனால் சுர்ரென்று இல்லாமல் கையை உதறும் அளவுக்கு அடித்தால் டிவியைப் பயன்படுத்தாதீர்கள். யாராவது அந்த நீலச் சில்லைக் கழற்றிவிட்டுக் கையில் கிடைத்த சாதாரண கெப்பாசிட்டரைப் போட்டிருக்கலாம். ஒய்1 அல்லது ஒய்2 என்று அச்சிட்டதைத் தவிர வேறெதையும் அங்கே போடக் கூடாது. அது ஷார்ட் ஆனால் 230 வோல்ட் நேராகக் கேபிள் முனைக்கு வந்துவிடும்.

கேள்வி (விழுப்புரம் வாசகர்): எல்லாம் மாற்றி முடித்தாயிற்று. நேராகப் பிளக்கைச் செருகப் பயமாக இருக்கிறது. வேறு வழி உண்டா?

பதில்: உண்டு, பழைய 100 வாட் குண்டு பல்பு ஒன்று வேண்டும், எல்இடி பல்பு உதவாது. டிவிக்குப் போகும் லைன் ஒயரில் அந்தப் பல்பைத் தொடராகச் சேர்த்து ஒரு தனி சாக்கெட் செய்துகொள்ளுங்கள், மெக்கானிக்குகள் சீரிஸ் பல்பு என்பார்கள். அதில் டிவியைச் செருகினால் பல்பு ஒரு கணம் பளிச்சென்று எரிந்து உடனே மங்க வேண்டும். அந்தப் பளிச் பெரிய கெப்பாசிட்டர் நிரம்பும் நேரம். மங்காமல் முழுப் பிரகாசத்தோடு எரிந்துகொண்டே இருந்தால் போர்டில் எங்கோ ஷார்ட், உடனே பிடுங்குங்கள், ஃபியூஸும் போகாமல் தப்பித்தது. மங்கிவிட்டால் கனெக்டரில் ஸ்டேண்ட்பை 5 வோல்ட் (ரிமோட்டுக்காக டிவி காத்திருக்கும்போதும் இருக்கும் வோல்ட்) வருகிறதா என்று அளந்து பாருங்கள். பல்பு நடுவில் இருக்கும்போது டிவி முழுதாக எழ முடியாமல் தடுமாறினால் பதற வேண்டாம், அது பல்பின் தடையால்தான்.

5 வோல்ட் நிலையாக நின்றால் பல்பை எடுத்துவிட்டு நேராகச் செருகி ஆன் செய்யுங்கள். படம் வந்ததும் மூடியைப் பூட்டிவிடாதீர்கள். குழந்தைகள் கிட்டே வராத இடத்தில் ஒரு மணி நேரம் ஓடவிட்டு, அணைத்து, இரவு முழுக்க ஆறவிட்டு, காலையில் முதல் தடவையே எழுகிறதா என்று பாருங்கள். கோளாறு காட்டியது குளிர்ந்த நிலையில் என்பதால் தேர்வும் குளிர்ந்த நிலையில்தான் வைக்க வேண்டும். எழுந்துவிட்டால் பிளக்கைப் பிடுங்கி ஸ்குரூவைப் பூட்டலாம்.